ஆறாவது விழுக்காடு

மூன்றாம் மாடி, ஏழாம் கவுண்ட்டர்.
கண்ணாடிக்கு அப்பால் இருப்பவன்
என் மகனைவிடச் சின்னவன்.
பெயர்? நீவெஸ் ஃபுர்லான்.
தொழில்? கேட்டுவிட்டு
அவனே எழுதிக்கொண்டான்: காசலிங்கா.
வீட்டோடு இருப்பவள், வீட்டைச் சேர்ந்தது,
இரண்டுக்கும் எங்கள் திரியெஸ்தேயில் அந்த ஒரே சொல்.
துறைமுகத் தெரு உணவகத்துப் பலகையிலும் அதுதான்,
வீட்டுப் பக்குவம் என்ற பொருளில்.
அங்கே அதற்கு விலை பதினான்கு யூரோ,
ரொட்டிக்குத் தனி.

எனக்கு வருடக் காப்பீடு இருபத்துநான்கு யூரோ.
ஏத்சியோவின் படகுக்கு
இதைப்போல் பதினைந்து மடங்கு.
படகு கோடையில் மட்டும் வெளியே போகும்.

எப்படி விழுந்தீர்கள்?
ஏணியிலிருந்து.
ஏணியில் எதற்கு ஏறினீர்கள்?
போரா காற்று அடித்து ஓய்ந்தால்
திரைச்சீலையெல்லாம் புழுதி, தம்பி.
உன் வீட்டிலும் யாரோ கழற்றித் துவைத்திருப்பார்கள்,
போய்க் கேட்டுப் பார்.
அவன் எழுதினான்: திரைச்சீலை.

இடது கையில் மாவுக்கட்டு, மூன்று மாதம்.
ரோதிகா வந்தாள், மல்தோவாக்காரி,
மணிக்குப் பதினொரு யூரோ.
உங்களுக்குச் சிரமம், நன்றி,
காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்றெல்லாம்
ஏத்சியோ அவளிடம் சொன்னார்.
இத்தனை சொற்கள் அவருக்குத் தெரியும் என்பது
முப்பத்தொரு வருடமாக எனக்குத் தெரியாது.

அதே தரைதான். அதே துடைப்பம்.
அவள் கேட்கக் கேட்க நான் சொன்னேன்:
அடுப்புக் கதவு மூடாது, கரண்டிக் காம்பைச் செருகு.
குழாயை இடப்பக்கம் முழுக்கத் திருகாதே,
கீழ்வீட்டில் ஒழுகும்.
வியாழக்கிழமை மாத்திரை பாதிதான்.
அவர் உப்பு கேட்பார், காது கேளாததுபோல் இரு.
கீழ்வீட்டு செலஸ்தினா
சர்க்கரை வாங்க வந்தேன் என்பாள்,
சர்க்கரைக்காக வரமாட்டாள்,
பத்து நிமிடம் உட்காரவை.
நோட்டில் பதினெட்டுப் பக்கம் ஆயிற்று.
சம்பளம் பத்தாது சிஞோரா, என்று சிரித்தாள்.
பிறகு சிரிக்காமல் சொன்னாள்:
ஊரில் என் பிள்ளைகளுக்கு
இதையெல்லாம் என் தங்கை செய்கிறாள்.
யாராவது கேட்டால்
அவள் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்றுதான்
நானும் சொல்கிறேன்.

மருத்துவர் மணிக்கட்டை மடக்கினார், நிமிர்த்தினார்,
கோணமானி வைத்து அளந்தார்.
ஐந்து விழுக்காடு ஊனம், என்றார்.
ஆறு இருந்தால்தான் பணம்.
அந்த ஆறாவது
ஈரத்துணியின் கடைசிச் சொட்டில் இருக்கிறது, டாக்டர்.
பிழியச் சொல்லுங்கள், காட்டுகிறேன்.
நல்ல மனிதர்தான்.
அட்டவணையில் பிழிதல் இல்லை என்று
வருத்தத்தோடு சொன்னார்.

ஐந்துக்கு ஒன்றும் கிடையாது.
அதனால் இதைச் சொல்வதில் இனி நஷ்டமில்லை.
படிவத்தின் கடைசிக் கேள்வி:
விபத்து நேர்ந்த கணத்தில்
வீட்டு வேலையில் இருந்தீர்களா?
ஆம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பொய்.
பாதித் திரையைக் கழற்றியிருந்தேன்.
வெளியே ஒரு கப்பல் திரும்பிக்கொண்டிருந்தது,
துருப்பிடித்த ஆரஞ்சு வண்ணம்,
அவ்வளவு பெரியது அவ்வளவு மெதுவாக.
பெயரைப் படிக்க எட்டினேன்.
அடுப்பில் என்ன இருந்தது, நினைவில்லை.
யாருக்கு எத்தனை மணிக்கு என்ன, நினைவில்லை.
அரை நிமிடம் இருக்கும்.
முப்பத்தொரு வருடத்தில்
நான் வேலையில் இல்லாத அரை நிமிடம்.
அதற்குக் காப்பீடு கிடையாது, சரிதான்.

பெயரில் கடைசி இரண்டு எழுத்து
இன்னும் தெரியவில்லை.
திரை பாதி தொங்கியபடியே இருக்கிறது.
பதினெட்டுப் பக்கத்தில் அதைச் சொல்ல விட்டுவிட்டேன்.
ஏத்சியோ கவனித்ததாகத் தெரியவில்லை.
அந்தப் பக்கம்
கடல் நன்றாகத் தெரிகிறது.